மாப்பிள்ளைக்கு அனுப்பிய எட்டு போல்ட்

நிலம் ஆடும் என்பதே ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாது, ஐயா. சிராங்கூன் சாலையில் கனத்த லாரி போனால் அலமாரிக் கண்ணாடி கொஞ்சம் அதிரும். நாங்கள் கண்ட ஆட்டம் அவ்வளவுதான்.

என் பெயர் சேதுபதி. காலாங் வட்டாரத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபோர்மேன். 1964இல் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் அணு ஆராய்ச்சி உலை கட்டியிருந்தார்கள். உலையிலிருந்து வரும் நியூட்ரான் கதிர் ஒரு பொருளில் பட்டு எப்படிச் சிதறுகிறது என்று பார்க்க ஒரு கருவி. கதிர் வெளியே வராமலிருக்க அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஈயக் கட்டிகளை அடுக்க வேண்டும். அவற்றைத் தாங்கும் சட்டத்தை நாங்கள் செய்தோம். அங்கே நிலம் அடிக்கடி ஆடுமாம். அதனால் சட்டத்தைத் தரையோடு பிணைக்க உறுதியான எஃகில் எட்டு போல்ட் வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தது.

அதைப் பூட்டப் போனவர் என் மாப்பிள்ளை தனசேகரன். தங்கமான மனிதர், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மூன்று வருடம் அங்கேயே வேலை. வீடு கிடைத்ததும் லீலாவை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. லீலா எனக்கு ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவளுடையதுதான். அவளும் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

ஆகவே நல்ல போல்ட்டுகளை எடுத்துவிட்டு, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கிய எட்டை அங்கே அனுப்பும் பெட்டியில் வைத்தேன். துருவைத் தேய்த்து எண்ணெயும் பூசினேன். சட்டம் கொஞ்சம் நகர்ந்தால் கருவி கெடும், வேலை நிற்கும், மாப்பிள்ளை கப்பலேறி வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் எழுதினார்: “மாமா, போல்ட் பார்க்கப் பழசு மாதிரி இருக்கு. இங்க வேற வாங்கிப் போட்டுடவா?”

அன்றைக்கே பதில் போட்டேன்: “வேண்டாம் மாப்பிள்ளை. நானே சோதிச்சுப் பார்த்தது.”

“நீங்க சொன்னா சரிதான் மாமா” என்று அடுத்த கடிதம் வந்தது. லீலாவிடம் காட்டினேன். அப்பா மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று சந்தோஷப்பட்டாள்.

ஏழாவது வாரம் நிலம் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை, கட்டடத்தில் கீறல்கூட விழவில்லை என்றார்கள். எட்டு போல்ட்டும் அறுந்து ஈயக் கட்டிகள் சரிந்தன. மாப்பிள்ளை அடியில் இருந்தார்.

போன வாரம் அவருடைய பெட்டி வந்தது. அதற்குள் என் கடிதம். லீலா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் எழுதுனீங்களாப்பா?”

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை, ஐயா. “நீ போயிடக் கூடாதுன்னுதாம்மா” என்றேன். அவள் அழவில்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு நேரே இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை அதிக நாள் உள்ளே வைக்காதீர்கள். என்னை விட்டால் என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?