ஓடக் கூடாத ஆட்டம்

"ஹலோ... யாரு? ... சத்தமாச் சொல்லுங்க, வேனுக்குள்ள ஒண்ணுங் கேக்கல. ... ஏட்டி மாரிக்கண்ணு, அந்தப் பாட்டக் கொஞ்சம் பையப் போடு. ... ம், யாரு பேசுதது? ... ஓ. எப்சி டீச்சரா."

திரையில் பெயர் வந்தபோதே சண்முகசுந்தரிக்குத் தெரியும். இருந்தும் 'யாரு' என்று இரண்டு தடவை கேட்டதில் ஒரு சுகம். வேன் செய்துங்கநல்லூர் டீக்கடை முன்னால் நின்றிருந்தது. அவள் மடியில் வெற்றிக் கோப்பை. அன்று மாலைதான் ஸ்ரீவைகுண்டத்துப் பெண்கள் பாளையங்கோட்டைப் பெண்களை, அவர்கள் மைதானத்திலேயே, மூன்று கோல் போட்டு ஜெயித்திருந்தார்கள். எல்லாருமே பேரப்பிள்ளை கண்டவர்கள். நடைக் கால்பந்து. நடந்துதான் ஆட வேண்டும். ஓடினால் நடுவர் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்.

"ஆமா, ஆமா, மூணு கோலு. ... மாரிக்கண்ணு ஓடினாளா? யாரு சொன்னா? ... டீச்சர், அவ நாத்துக்கட்டச் சுமந்துக்கிட்டு வரப்புல நடந்தவ. அவ நடையே அதான். அவளுக்கு ஊதினாவளா? ... இல்லைல்லா. ஊதினது ஒங்களுக்கு. ரெண்டு மட்டம். அந்த ரெண்டு பந்தும் கோலு. ... ஆமா, பாத்தேன். பி.டி. டீச்சரான ஒங்களப் பாத்து 'ஓடாதிங்கம்மா'ன்னு அந்த நடுவர் பையன் சொன்னதையும் கேட்டேன். ... நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

கீழே இறங்கியிருந்த மாரிக்கண்ணு ஜன்னல் வழியாக டீயை நீட்டினாள். சுந்தரி வேண்டாம் என்று கையசைத்தாள்.

"எனக்கு என்ன வருத்தம்? ... மறந்துட்டியளா. நான் மறக்கல. போன வருசம் நாகர்கோயில்காரியளோட ஆட்டம். என் மருமவ, பேத்தி, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து ஒக்காந்திருக்காவ. நான் பூட்ஸ மாட்டிக்கிட்டு நிக்கேன். நீங்க என்ன சொன்னிய? ... இல்ல, நீங்களே சொல்லுங்க. நான் கேக்கணும். ... ஆமா. 'நீ நடக்கது நெல்லையப்பர் தேர் நவுருத மாதிரி இருக்கு. போய் ஓரமா ஒக்காந்து தண்ணி பாட்டில எடுத்துக் குடு.' ... வெளையாட்டுக்கா? எல்லாருஞ் சிரிச்சாவ. என் பேத்தியுஞ் சிரிச்சா டீச்சர்."

அன்று ஆட்டம் முடியும்வரை அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பாளையங்கோட்டை அணியை எப்சியும் அவளும் சேர்ந்துதான் தொடங்கியிருந்தார்கள். அடுத்த வாரமே ஸ்ரீவைகுண்டத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். வயல் வேலை முடிந்து அணைக்கட்டுப் பக்கம் வந்த பெண்களிடம் ஒரு பந்தைக் காட்டிக் கூப்பிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் எப்சியின் வாயை நினைத்துத்தான் பந்தை உதைத்தாள்.

"என்ன? ... ம். ... ஆமா, திருச்சிப் போட்டி அடுத்த மாசம். ஆத்தங்கரை ஊருகளுக்கெல்லாஞ் சேத்து ஒரே டீமு. ... ஆமா, ஜெயிச்ச கேப்டன் வேற டீமுலருந்து ரெண்டு பேர எடுக்கலாம். நான்தான் எடுக்கணும். ... ஓ. அதுக்குத்தான் கூப்பிட்டியளா."

அவள் கோப்பையை இருக்கையில் வைத்துவிட்டு வேனிலிருந்து இறங்கினாள். இதைக் கேட்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தாள். அவசரப்படாமல் பேசினாள்.

"எடுத்தாச்சு டீச்சர். ஒங்க டீமுலருந்துதான், ரீபாவும் பாக்கியவதியும். ... ஒங்கள விட நல்லா ஆடுதாவளா? இல்ல. நீங்கதான் நல்லா ஆடுதிய. தெரிஞ்சேதான் எடுக்கல. ... கேக்குதா? தெரிஞ்சேதான். ... ஒரு எடம் இருக்கு. தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்க ஆளு வேணும். வாரியளா?"

எப்சி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"ஹலோ? ... இருக்கியளா? ... என்ன? ... வாரேன்னா சொல்லுதிய? ... டீச்சர், நான் சொன்னது புரிஞ்சுச்சா? ஆட முடியாது, ஓரத்துல ஒக்காரணும். ... ஏன் அழுதிய? ... ஒங்களையா? இனிமே வர வேண்டாம்னா? யாரு சொன்னா? ... ரீபாவா? ... எப்ப? ... கிரவுண்டுலயா? எல்லார் முன்னாலயுமா? ... கேப்டன் பட்டையக் கழத்தி வாங்கிட்டாளா?"

சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும். தான் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்ததை யாரோ இடையில் புகுந்து தட்டிக்கொண்டு போனது போல இருந்தது. ரீபாவுக்குப் பந்தை நிறுத்தச் சொல்லிக் கொடுத்ததே எப்சியும் அவளும்தான்.

"மத்தவளுக யாரும் ஒண்ணுஞ் சொல்லலயா? ... சிரிச்சாளுவளா. ... அழாதிங்க. அழாதிங்கன்னா. ... இங்கன பாருங்க, ஒங்கள வெளிய ஒக்கார வைக்கணும்னா அத நான் வைக்கணும். ரீபா யாரு? ... இல்ல, அவ வர வேண்டாம். அவ பேர அடிச்சாச்சு. இப்பத்தான் அடிச்சேன். நானே அவளக் கூப்பிட்டுச் சொல்லுதேன், காரணத்தோட. ... ஆமா, அவ எடத்துல நீங்கதான். பூட்ஸ எடுத்துக்கிடுங்க. ... இல்ல, மன்னிக்கல. மொதப் பாதி முழுக்க ஓரத்துல தண்ணி எடுத்துக் குடுக்கணும், திருச்சிக்காரிய பூரா பாக்கட்டும். பொறவு எறக்குதேன். ... வேண்டாம், நன்றியெல்லாம் சொல்லாதிங்க. எனக்குக் கேக்கவே பிடிக்கல. வையுங்க. ... வையுங்கன்னு சொல்லுதேன்லா."

எப்சி வைக்கவில்லை. அந்தக் குரல் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே சுந்தரி அழைப்பைத் துண்டித்தாள்.