ஆடாதோடைக் குச்சி

கூடுவாஞ்சேரியில் ரயிலேறிய அக்காளும் தங்கையும் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா கஷாயத்தோட கசப்பை வெள்ளைப் பொடியா பிரிச்சு எடுத்துட்டேண்டி," என்றாள் அக்காள்.

பிறர் பேச்சில் நான் தலையிடுகிறவள் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

"எதுலேர்ந்து?"

"நம்ம பழைய வீட்டு வேலி ஆடாதோடை இலையிலதான். அந்தப் பொடிக்கு வாசிசின்னு பேரு. காலேஜ் லேப்ல எடுத்தேன்."

"நாக்குல வச்சுப் பாத்தியாக்கா?"

"அதெல்லாம் கூடாது. ஆனா வச்சேன்."

"அதானே!"

"வெறும் கசப்புடி. அம்மா குடுத்த மாதிரியே இல்ல."

"அம்மா மிளகு போட்டு, தேன் விட்டு, மூக்கைப் பிடிச்சு, திட்டிக்கிட்டே ஊத்துவாங்க. திட்டை எந்தப் பொடியில தேடுவ?"

அக்காள் சிரித்தாள். ஊரப்பாக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இருந்த இலையெல்லாம் அரைச்சுட்டேன். இப்போ வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்றாங்க, வேலியும் போச்சு. ஒரு செடியாவது எடுத்து வச்சிருக்கணும்."

வண்டலூர் தாண்டியதும் தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

"இலையை உருவிட்டு மொட்டைக் குச்சியெல்லாம் என் பால்கனியில போட்டுட்டுப் போனியே?"

"குப்பையில போடச் சொன்னேனே."

"தக்காளிச் செடி சாயுதுன்னு ஒண்ணை முட்டுக்கு நட்டேன். தக்காளி பட்டுப்போச்சு. குச்சி துளிர்த்துக்கிச்சு."

அக்காள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாம்பரத்தில் எழுந்தார்கள்.

"நேரா உன் வீட்டுக்கே வரேன். கஷாயம் போட்டுத் தா."

"இலை பெருசாகட்டும், தரேன். ஆனா திட்டிக்கிட்டேதான் ஊத்துவேன்."

"திட்டுடி," என்றாள் அக்காள்.