பத்து வருஷமா ஆளில்லாத வீடு

அப்படியில்ல சார், தள்ளாதீங்க, கொஞ்சம் தூக்கித் திறக்கணும். மழைக்கு உப்பிப் போச்சு. புதுக் கதவுதான், ஆனா இந்த மலையில எந்த மரமும் சொன்ன பேச்சு கேக்காது. வாங்க, ஷூவோடயே வாங்க. நாங்க இன்னும் கேரவன்லதான் இருக்கோம், நானும் என் வீட்டுக்காரர் ஹைவெலும். அவருக்கு முட்டி வலி, அங்கேயே உக்காந்துட்டார். மிசஸ் ரீஸ்னெல்லாம் வேணாம், எலெரின்னே கூப்பிடுங்க.

ஆமாமா, தெரியும். எடுத்துக் கட்டுற வீடு பத்து வருஷம் ஆளில்லாம கெடந்திருக்கணும், அப்படித்தான் கெடந்துச்சுன்னு கவுன்சில்லேர்ந்து நீங்க ஒரு கடுதாசி குடுக்கணும், அப்பத்தான் கட்டின வாட் வரியத் திருப்பித் தருவாங்க. மனப்பாடமே ஆயிடுச்சு. கூரைக் கல்லு, ஜன்னலு, குழாயி, எல்லாத்துக்கும் வரி கட்டியிருக்கோம். ஒரே ஒரு தடவதான் கேக்கலாம், விட்டா போச்சு. மரத்தரை போட்டா வரி திரும்பி வரும், கார்பெட் போட்டா வராதாம். எந்த மகராசன் உக்காந்து யோசிச்சானோ. எனக்குக் கார்பெட்தான் புடிக்கும். மரத்தரை போட்டிருக்கேன், பாருங்க.

வரலன்னாவா? வரலன்னா கொத்தனார் ஹெஃபினோட கடைசி பில்லக் கட்ட முடியாது. வீட்ட விக்க வேண்டியதுதான். லிவர்பூல்காரன் ஒருத்தன் லீவுக்கு வந்து தங்குறதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நான் பொறந்த வீடு சார் இது. அம்மா போனப்புறம் பூட்டினது.

இந்தாங்க, பக்கத்துப் பண்ணை ப்யூ எழுதிக் குடுத்தது. இது தபால் போடுற க்வென் எழுதினது. யாரும் குடியிருக்கலன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. இந்தப் பள்ளத்தாக்குல யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க.

ஹெஃபினா? அவன எங்க பாத்தீங்க? ஓ, பப்ல. ரெண்டு கிளாஸ் உள்ள போனா அவனுக்கு வாயி தனியா நடக்கும். என்ன சொன்னான்? வேலைக்கு வந்தப்ப ஒரு கட்டிலப் பாத்தானா. ம். பின்பக்கச் சமையக்கட்டுல, அடுப்பு ஓரமா. கம்பளி மடிச்சு வச்சிருந்துச்சுன்னானா? ஆமா, மடிச்சுத்தான் இருந்துச்சு.

மலையேற வர்ற பசங்க யாராவது ஒதுங்கியிருப்பாங்க. இங்க மழை புடிச்சா எங்கயாவது நுழையத்தான் தோணும். இல்லன்னா ஆடு குட்டி போடுற சமயத்துல ப்யூவோட ஆளு எவனாவது படுத்திருப்பான். ஜாம் பாட்டிலா? அதையும் சொல்லிட்டானா. சரிதான், ஒரு ராத்திரி ஒதுங்கினவன் உக்காந்து ஜாம் காய்ச்ச மாட்டான். நீங்க சொல்றது சரிதான்.

உக்காருங்க. டீ குடிங்க. வெல்ஷ் கேக் எடுத்துக்குங்க, காலையிலதான் சுட்டேன். சுட்டுட்டேன், ஆனா எதுக்கு சுட்டேன்னு தெரியல, நாங்க ரெண்டு பேரும் இப்ப சரியா சாப்பிடறதில்ல.

அப்படியா? அத்துமீறிப் புகுந்தவங்க இருந்தா அது கணக்குலயே வராதா? நெஜமாவா? அப்ப ஒருத்தன் நாலு குளிர்காலம் இங்கயே கெடந்திருந்தாலும், வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம நுழைஞ்சவன்னா, இது ஆளில்லாத வீடுதான். நீங்க அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. எவன்னு தெரியாது, பூட்ட ஒடச்சு வந்தான், போயிட்டான். நல்ல மனுஷன் சார் நீங்க, கேக்காமலே வழி சொல்றீங்க. இது அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

இல்ல, இருங்க. எழுதாதீங்க. அது பொருந்தாது. சாவி நான் குடுத்தது.

என் தம்பி. கெத்தின். அப்பாவுக்கும் அவனுக்கும் ஒத்தே போகாது, கடைசியில வீட்ட என் பேருக்கு மட்டும் எழுதிட்டாங்க. இவனுக்குக் கல்யாணம் முறிஞ்சு, ரெக்ஸம்ல வேலையும் போயி, ஒரு நாள் வந்து எங்க வாசல்ல நின்னான். சாவிய எடுத்துக் குடுத்தேன். ஊருக்கே தெரியும் சார். ப்யூ வாசக்கேட்டு மேல பால் வச்சுட்டுப் போவார். ஞாயித்துக்கெழமையாவது கோயிலுக்கு வாடா, தாடிய எடுடான்னு க்வென் திட்டுவா. இந்தக் கடுதாசியெல்லாம் எனக்காக எழுதினது, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க.

வீட்ட எடுத்துக் கட்டலாம்னு பேச்சு வந்தப்ப இந்தப் பத்து வருஷ சமாச்சாரத்த அவன்கிட்ட நான்தான் சொன்னேன். டேய், நீ இங்க இருக்கறதால எனக்குத் திரும்பி வர்ற வரி போச்சுடான்னு. கேலிக்குத்தான். அவனும் சிரிச்சான். அப்ப நான் இங்க இல்லக்கான்னான். மறுநாளே கம்பளிய மடிச்சு வச்சுட்டு தன் வேனக் கீழ ரோட்டோரம் நிறுத்தி அதுலயே படுக்கப் போயிட்டான். அப்படிப் போனாலும் பத்து வருஷம் ஆயிடாதுடா முட்டாளேன்னு கத்தினேன். யார்கிட்டக்கா பேசறே, நான்தான் இல்லையேன்னான். என் தம்பி அப்படித்தான், ஒண்ணு தலையில ஏறிட்டா எறங்காது. அந்த வருஷம் பனி மார்ச் வரைக்கும் விடல.

ரோட்டுல போன யாரோதான் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. நெஞ்செல்லாம் சளி. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எங்க இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க. எனக்கு வீடு கெடையாதுன்னு சொல்லியிருக்கான். மூச்சு வாங்கிக்கிட்டே அத மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம், அந்த நர்ஸு பொண்ணு சொல்லுச்சு. எங்கயும் தங்கல, எழுதிக்குங்கன்னு. அவங்களும் அப்படியே எழுதிட்டாங்க.

அழுகையெல்லாம் வரல சார். அப்பவும் வரல. கூரை வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு, போய்க் கல்லு எண்ணி எறக்கினேன்.

அனுதாபமெல்லாம் வேணாம், பேனாவ எடுங்க. அத்துமீறி நுழைஞ்சவன்னு போடாதீங்க. இல்ல, ஹைவெலக் கேக்க வேணாம், அவர் என்ன சொல்வார்னு தெரியும். பணம் வராதுன்னும் தெரியும். கெத்தின் மோர்கன், இந்த வீட்டுல குடியிருந்தார்னு எழுதுங்க.