பிரான்சில் கிடைத்த பன்றிக்கறி

காலாப்பட்டு பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்; அக்கா தங்கை என்று பேச்சில் தெரிந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

திடீரென்று சொன்னாள்: “அங்க வேட்டைக்காரங்க காட்டுப்பன்னி சுட்டா, கறிய இல்லாதவங்களுக்குக் குடுத்துடுவாங்க.”

“நல்ல மனசுதான். நீ போய்ப் பரிமாறுவியாக்கா?”

“வரிசையில நின்னு வாங்குவேன்டி.”

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“அவருக்கு வேலை போய் ரெண்டு வருஷமாவுது. அம்மாகிட்ட சொல்லிடாத.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

“அப்புறம் எதுக்குக்கா எங்களுக்கு அத்தன சாக்லேட்டு, சென்ட்டு?”

“வெறுங்கையோட வர முடியுமாடி?”

“வரலாம்,” என்றாள் தங்கை. “அடுத்த வாட்டி அப்படியே வா.”