வலதுபக்க மட்கார்டு

அன்று மாலைத் தேநீருக்கு எங்கள் மேசையில் இருந்தவர்கள் நால்வர்: என் தங்கை தேடா, என் மகன் ஓன்னோ, அவன் மனைவி இம்கே, நான். ஐந்தாவதாக ஒரு கோப்பையும் வைத்திருந்தோம். அது வாய்க்காலுக்கு அப்பால் குடியிருந்த ரென்ஸ்கேவுக்கு. ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவாள். வந்ததும் காற்றைத் திட்டுவாள், பிறகு கேக்கைப் புகழ்வாள்.

ஐகோ ஆகேனா சொல்வதாக இதை உங்கள் போலீஸ் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் வேண்டாம் என்று சொன்னவன் நானேதான்.

கார்களுக்கு மெருகேற்றுவது எங்கள் குடும்பத் தொழில். தாத்தா கம்பளித் துணியால் கையாலேயே தேய்த்தார். அப்பா மெஷின் வாங்கினார். பட்டறை வாசலில் 'ஆகேனா' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதற்கு மேல் எழுதவேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை. ஆனால் இந்த ஊர் எங்களுக்கு ஒன்றைத் தர மறுத்தே வந்தது. தீயணைப்புத் தொண்டர் படைக்குத் தலைவராக அப்பா நின்றார்; கசாப்புக்கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாரம்தான் அதே பதவிக்கு ஓன்னோவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைய தேநீரே அதற்காகத்தான்.

மதியம் தீயணைப்பு நிலையத்தில் அவனுக்குச் சாராயம் ஊற்றி வாழ்த்தியிருக்கிறார்கள். அங்கிருந்து எங்கள் கருநீலக் காரை ஓட்டிக்கொண்டு நேரே பட்டறைக்குள் வந்தான். நான் அங்கேதான் இருந்தேன். இறங்காமலேயே சொன்னான்.

"அப்பா, வாய்க்கா வளைவுல ரென்ஸ்கேவை இடிச்சுட்டேன்."

"செத்துட்டாளா?"

"இல்லப்பா. கை அசைஞ்சுது. முகம் அந்தப் பக்கம், என்னைப் பாக்கல. போன் உள்ள இருக்கு, எடுத்துட்டு வாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

"வாயை ஊது."

ஊதினான்.

"விபத்துன்னா உன் படையும்தான் வரும். இந்த நாத்தத்தோட அவங்களை நீயே கூப்பிடப் போறியா? கசாப்புக்கடைக்காரன் பேரன் உன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு அலையணுமா? உள்ள போ. முகத்தைக் கழுவு. டீயைக் குடி."

"அவ குளிர்ல கிடக்குறாப்பா."

"அது சாலைடா. யாராவது வருவாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

விபத்து என்றால் படையினரைக் கூப்பிடும் அழைப்புக் கருவியை அவன் இடுப்பிலிருந்து உருவி, பாலிஷ் புட்டிகள் இருக்கும் அலமாரியில் வைத்தேன். அவன் தடுக்கவில்லை. அவனை நான் வளர்த்த விதம் அப்படி.

தேநீர் சூடாக இருந்தது. தேடா ஒவ்வொரு கோப்பையிலும் கற்கண்டைப் போட்டு, அது வெடிக்கும் ஓசை கேட்க மெதுவாக ஊற்றினாள்.

"ரென்ஸ்கே எங்கண்ணே, இன்னும் காணோம்?"

"காத்து பலமா இருக்கு. மெதுவாத்தான் வருவா."

"யாரு, அவளா? கேக்குன்னா காத்தையே முந்திக்கிட்டு வர்றவ அவ."

இம்கே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஓன்னோ முதல் கோப்பை முடிந்ததுமே, போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான். எங்கள் பக்கத்தில் மூன்று கோப்பைக்குக் குறைந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம்.

"என்ன தலைவரே," என்றாள் தேடா, "பதவி வந்ததும் எங்க டீ கசக்குதோ?"

அவனுடைய கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்து, கோப்பையை நிரப்பச் சொன்னேன். மூன்றாவது கோப்பையை நானும் குடித்துவிட்டு எழுந்தேன். பட்டறையில் வேலை இருக்கிறது என்றேன்.

"ஞாயித்துக்கிழமையிலயா மாமா?" என்று கேட்டாள் இம்கே.

நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமையில் இங்கே யாரும் புல்வெட்டும் மெஷினைக்கூட ஓட்டமாட்டார்கள். எங்கள் பட்டறையிலிருந்து ஒரு ஞாயிறும் சத்தம் வந்ததில்லை. அன்று நான் அந்த ஓய்வைக் குலைத்தேன். அதற்காக மட்டும் ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வலதுபக்க மட்கார்டில், அவளுடைய சைக்கிளின் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிய நீளக் கீறல் ஒன்று இருந்தது. நெளிவு இல்லை. கழுவித் துடைத்து, குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் சிக்கினால் புதுப் பெயிண்ட்தான் அடிக்கவேண்டும். சிக்கவில்லை. ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டினேன். அவசரக்காரர்கள் எடுத்தவுடனே சொரசொரப்பான பேஸ்ட்டையும் கம்பளிச் சக்கரத்தையும் எடுப்பார்கள். அது கீறலோடு பெயிண்டையும் தின்றுவிடும். இருப்பதிலேயே மென்மையானதில் தொடங்கவேண்டும். அது போதாதபோதுதான் அடுத்தது. நான் அப்படித்தான் செய்தேன். ஸ்பாஞ்சில் நாலு பொட்டு பேஸ்ட் வைத்து, மெஷினைக் குறைந்த வேகத்தில், சாய்க்காமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும் என்று விட்டேன்.

சிவப்பு போய்விட்டது. கீறல் மங்கியதே தவிர மறையவில்லை. அடுத்த பேஸ்ட்டுக்காக ஸ்பாஞ்சை மாற்ற மெஷினை நிறுத்தினேன்.

இங்கே நிலம் மட்டமானது. வளைவுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. முதலில் ஆடு என்று நினைத்தேன். பிறகு என் பெயர் கேட்டது. மெஷின் சத்தத்தை வைத்து நான் பட்டறையில் இருப்பதைத் தெரிந்துகொண்டிருப்பாள்.

ஸ்பாஞ்சை மாட்டி, மெஷினை மீண்டும் ஓட்டினேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அவள் உயிரோடு இருப்பது தெரியும். கூப்பிடுவது என்னைத்தான் என்பதும் தெரியும். ஒரு கூப்பிடு தூரம்தான், நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. அந்தத் தேநீர் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். அவர் தொழில் அவருக்குத் தெரியும், மறுக்கமாட்டேன். ஓன்னோ மேல் பழி போடாதீர்கள். கருவியை உருவியவன் நான், உட்காரவைத்தவன் நான்.

கடைசியாக ஸ்பிரிட் துணியால் துடைத்து விளக்கைப் பிடித்தேன். எண்ணெய்ப் பசை இருந்தால் கீறலை மறைத்துவிடும், பிறகு காட்டிக்கொடுக்கும். பட்டறையில் அப்படி ஏமாற்று வேலை செய்யும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மற்றப் பாகங்களோடு வேற்றுமை தெரியாமலிருக்க இடதுபக்க மட்கார்டையும் மெருகேற்றினேன். அப்போதுதான் அலமாரியில் கருவி அலறியது. பால் வண்டிக்காரர் அவளைப் பார்த்துவிட்டார்.

ஓன்னோ ஓடிவந்து அதை எடுத்தான். என் முகத்தையோ காரையோ பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைப் படையினர் சொல்லித்தான் அறிந்தேன். அவன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் கண்ணைத் திறந்து, "வந்துட்டியா ஓன்னோ. நீதான் வருவேன்னு தெரியும்," என்றாளாம். ஆம்புலன்ஸில் ஏற்றியதும் உயிர் போயிற்று. அவன் அங்கேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் ஆட்கள் முன்னால் எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னான். எங்கள் வீட்டில் யாரும் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை.

தேடா இங்கே காவலில் என்னைப் பார்க்க வருவதில்லை. அது அவள் விருப்பம்.

நீங்கள் போகுமுன் ஒன்றைத் திருத்தவேண்டும். நான் மட்கார்டில் ஒரு கீறலை விட்டுவிட்டதாகவும், அதைப் பார்த்துத்தான் போலீஸ் கண்டுபிடித்ததாகவும் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். கசாப்புக்கடை வீட்டில் கிளம்பிய பேச்சு அது. பொய். காட்டிக்கொடுத்தது என் மகன். அந்த மட்கார்டில் கீறல் எதுவும் இல்லை. விளக்கை எடுத்துப்போய்ப் பாருங்கள்.