விரல் வைத்துவிட்டு வெளியே வந்தோம்

ஓடுகிறோம். மணி 3.14. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்கிற, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். சங்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி அழுகிறது. ஷிப்டு முடிகிற சங்கு இப்படி அழாது. அது ஒரே இழுப்பு.

"வெளிய போவாதீங்க! உள்ள வாங்கடி!" பின்னாலிருந்து மல்லிகா ஆயா கத்துகிறாள். யார் கேட்டது?

எல்லையில் சண்டை மூண்ட வாரம். டிவியில் கோட்டு போட்டவர்கள் அணுகுண்டை யார் முதலில் போடுவது என்று வாதாடினார்கள். நாம் முதலில் போட மாட்டோம் என்றார் ஒருவர். அந்தக் கொள்கையையே மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். பந்தியில் யார் முதலில் உட்காருவது என்பது போலப் பேசினார்கள். ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிறார்கள், போட்டால் இந்தப் பக்கம்தான் போடுவான் என்று பஸ்ஸில் பேச்சு.

முந்தின நாள்தான் ஓர் அதிகாரி வந்து பாடம் எடுத்தார். இந்தச் சங்கு கேட்டால் உள்ளே போங்கள். சன்னல் இல்லாத அறை. கெட்டிச் சுவர். வெளியே வந்தவர் பிழைக்க மாட்டார். கை தட்டினோம். வடை சாப்பிட்டோம்.

ஆனால் பதினோரு வருஷமாகச் சங்கு ஊதினால் வெளியே போய்ப் பழகிய கால். வாசலில் விரல் வைக்கிற மெஷின். வைக்காமல் போனால் அரை நாள் ஆப்சென்ட். வரிசையில் நிற்கிறோம். உயிர் போகிற நேரத்தில் வரிசை. விரலெல்லாம் ஆயில். 'ட்ரை அகெய்ன்' என்கிறது மெஷின். வேலைக் கோட்டில் துடைத்து வைக்கிறேன். ட்ரை அகெய்ன். மூன்றாவது தடவை 'தேங்க்யூ' என்றது. மணி 3.17.

அப்போதுதான் நினைவு வந்தது. பிரியா. என் மகள், நாலு வயது. பின்கட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மல்லிகா ஆயாவிடம் காலையில் விட்டிருந்தேன். பெற்றவளுக்கு எப்படி மறந்தது? இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி ஓடினேன். பின்கட்டில் பாய் மட்டும் கிடந்தது. அச்சுகள் அடுக்கி வைக்கிற, சன்னல் இல்லாத டை ரூம் கதவைத் தட்டும்போது சங்கு நின்றுவிட்டது. ஆயா திறந்தாள். உள்ளே நாலு பிள்ளைகளும் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா கலா, விரல் வெச்சிட்டு வந்தியா?" என்றாள். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒயர் கோளாறு, தானாக ஊதிவிட்டது என்றார்கள். குண்டு எதுவும் விழவில்லை.

வாசலில் நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். உள்ளே ஐந்து பேர். விழுந்திருந்தால், அதிகாரி சொன்னபடி, நாற்பத்தொன்றும் போயிருக்கும். அதில் நான் ஒருத்தி. விழாமலே போனவை: மூன்று ஜோடி செருப்பு, ஒரு டிபன் பாக்ஸ். இன்னும் ஒன்று. இப்போதெல்லாம் தெருவில் பட்டாசு வெடித்தால் பிரியா "ஆயா" என்று கத்துகிறாள். நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன்.