போல்ட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு

எண்ணெய் மாற்றுவதற்கு முன் காரின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஆறிக் கிடக்கும் எண்ணெய் கெட்டியாக இருக்கும். கசடை அடியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கி வரும். சூடேறிய எண்ணெயோ அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு வரும். நீங்கள் கேட்டது இதுவல்ல என்பதை அறிவேன், ஐயா. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பெடுத்தவனுக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். எழுதிக்கொள்ளும் தம்பி அவசரப்பட வேண்டாம். நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். குரலை மட்டும் சற்றுத் தாழ்த்திக்கொள்வோம். உள்ளறையில் என் மகள் படுத்திருக்கிறாள்.

இந்த வீட்டில் நாங்கள் இருவர்தாம். என் மனைவி காலமானபோது மகளுக்குப் பதினொரு வயது. இப்போது முப்பத்துநான்கு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கார் அவளுடையது. பழைய காராக வாங்கியது என்பதால் அதன் வயிற்றை நாமே கவனித்துக்கொள்வோம் என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்தோம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்வாசல் சிமெண்டுத் தரையில் அந்த வேலை நடக்கும். முன்சக்கரங்களை இரண்டு சாய்வுப் பலகைகளின் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக்கொடுத்து, நான் முதுகுக்குச் சாக்கு விரித்து அடியில் போவேன். அவள் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.

எதிர்வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கு இது பெரிய வேடிக்கை. "வாத்தியாரே, காருக்கும் பரீட்சை வெக்கிறீங்களா? பாஸா, ஃபெயிலா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து கேட்பார். "நீங்க ஓட்டுன பஸ்ஸெல்லாம் எங்ககிட்ட வந்திருந்தா டிஸ்டிங்ஷன்ல பாஸ் பண்ணியிருக்கும், மாமா" என்பாள் மகள். அவளுக்கு வாய் துடுக்கு; அதில் அவள் அம்மாவைப் போல.

எங்கள் முறையில் ஒரு விதி உண்டு. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் பழைய எண்ணெய் இறங்கும். வடிந்து முடிந்தபின் புது வாஷர் போட்டு அதைத் திரும்ப முறுக்க வேண்டும். முறுக்குவது நான். நான் வெளியே வந்ததும் அவள் அடியில் போய், தானும் ஒருமுறை ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்ப்பாள். அசையவில்லையென்றால், போல்ட்டின் தலையிலிருந்து தொட்டிவரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பாள். விடைத்தாளில் பிழை அழிக்க நான் வைத்திருந்த ஒயிட்னர்தான் அதற்கு மை. பிறகு எப்போது குனிந்து பார்த்தாலும், கோடு நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை என்று பொருள். முறுக்கியவர் கோடு போடக் கூடாது. கோடு போடுபவர் சோதிக்காமல் போடக் கூடாது. தன் விடைத்தாளைத் தானே திருத்துவது முறையல்ல அல்லவா?

சென்ற ஆண்டு, மழை விட்ட ஒரு வாரத்தில், துவைத்த துணியை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், பெரிய மருத்துவமனையொன்றின் ஆய்வுக்கூடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்; தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். "ஞாயித்துக்கிழம ஆயில் மாத்திடலாம்ப்பா. திங்கக்கிழம காலைல கெளம்பறேன்" என்றாள். நான் சட்டையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் இருமுறை வருவதாகவும், எனக்கும் அங்கே ஓர் அறை இருக்கும்படி வீடு பார்த்திருப்பதாகவும் சொன்னாள். அவள் நல்லவள். அதில் எனக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை.

ஆனால் தனியாக இருக்கத் தெரியாதவள், ஐயா. குடையை எங்காவது விட்டுவிட்டு வருவாள். பால் பொங்கி வழிந்த பிறகே அடுப்பை நினைப்பாள். ஜுரம் வந்தால் மாத்திரை போடாமல் புத்தகம் படிப்பாள். என் கவலை எனக்காக அல்ல என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, சமைக்கத் தெரியும், காதும் கேட்கிறது. மாலை ஆறு மணிக்கு வாயிற்கதவு திறக்கும் ஓசை இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைதான்.

அன்று சாப்பிடும்போது அவளுக்கு ஒரு கதை சொன்னேன். நானே கட்டிய கதை. பல வகுப்புகளில் சொன்னதுதான். ஒரு குளத்தில் ஆமையும் கொக்கும் நட்பாக இருந்தன. கோடை வந்தது, கொக்கு வேறு நீர்நிலை தேடிப் புறப்பட்டது. அந்தத் திசையில் வேடர்கள் உண்டு என்று ஆமைக்குத் தெரியும். ஆகவே கொக்கு உறங்கும்போது ஆமை அதன் சிறகிலிருந்து ஒரே ஓர் இறகை மட்டும் பிடுங்கி ஒளித்துவைத்தது. கொக்கால் உயரப் பறக்க முடியவில்லை. தங்கிவிட்டது; பிழைத்தது. அன்பு சில சமயம் தடையாக வரும் என்பது இதன் கருத்து. பிள்ளைகள் எப்போதும் கைதட்டுவார்கள்.

மகள் தட்டைப் பார்த்தபடி, "வேடன் இருக்கான்னு ஆமை ஏன்ப்பா கொக்குகிட்ட வாயத் தொறந்து சொல்லல?" என்று கேட்டாள்.

கதைகளை அப்படிக் கேள்வி கேட்டுப் பிரிக்கக் கூடாது என்றேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

ஞாயிறு வந்தது. எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினோம். பலகையில் ஏற்றினோம். எண்ணெய் கறுப்பாக, நூல் பிடித்தாற்போல் இறங்கி, கடைசியில் சொட்டுச் சொட்டாக நின்றது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் அவளே விரலால் எண்ணெய் தடவிக் கொடுத்தாள். நான் வாஷரைப் போட்டு போல்ட்டை விரலால் திருகினேன். விரலுக்கு அடங்கியபின் ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்க வேண்டும். நான் ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்தேன், ஓசை கேட்கட்டும் என்று அசைத்தேன், இறுக்கவில்லை.

என் கணக்கு எளிமையானது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள், அந்தக் குண்டும் குழியுமான புறவழிச் சாலையின் அதிர்விலேயே போல்ட் தளர்ந்து எண்ணெய் கசியத் தொடங்கும். எண்ணெய் குறைந்ததென்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரியும். அவள் வண்டியை ஓரம்கட்டி என்னைக் கூப்பிடுவாள். நானும் எதிர்வீட்டுக்காரரும் போய் அழைத்துவருவோம். ஒரு நாள் போகும். செவ்வாய் போகும். யாருக்கும் ஒரு கீறலும் விழாது.

ஆனால் விதி இருக்கிறதே. நான் வெளியே வந்ததும் அவள் அடியில் போனாள். ஸ்பேனரை அவள் கையில் நீட்டினேன். நீட்டினேன் என்பது முக்கியம். அவள் சாக்கில் மல்லாந்து படுத்தபடி, "வேணாம்ப்பா. நீங்க போட்டா அது எரநூறு வருஷம் அசையாது. ஒயிட்னரக் குடுங்க, போதும்" என்றாள். அன்றைக்கென்று அவளுக்கு என்மேல் அன்பு கூடிவிட்டது போலும். அல்லது விடைபெறும் நாளில் என்னைச் சோதிப்பது மரியாதையல்ல என்று நினைத்தாளோ என்னவோ. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாகச் சோதிக்காமல் கோடு போட்டாள். அழகான, நேரான கோடு.

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்முறைத் தேர்வாக இருந்திருந்தால் அதற்கு நான் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டாள். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்தினாள். குனிந்து கோட்டையும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "போன ஒடனே அப்பாவுக்கு ஒரு ஃபோனப் போடு தாயி. இல்லன்னா மனுஷன் தெருவுல நின்னு போற வர்றவன் உசுர எடுத்துருவாரு" என்றார். நான் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எட்டு மணி ஆயிற்று. தொலைபேசி ஒலிக்கவில்லை. ஒன்பதும் ஆயிற்று. புறவழிச் சாலையைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பாள். விரலால் திருகியதே அவ்வளவு தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த வயதில் என் கைக்கு இன்னும் அத்தனை வலு இருந்தது எனக்கே வியப்பு. கணக்கு தப்பிவிட்டது, அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எழுந்து காலை உணவுப் பாத்திரங்களைத் துலக்கினேன்.

ஒன்பது நாற்பதுக்கு அழைத்தாள். ஆம் ஐயா, அந்த அழைப்பைப் பற்றித்தான் நீங்கள் மூன்றுமுறை கேட்டுவிட்டீர்கள். உங்கள் காகிதத்தில் இரண்டு நிமிடம் பத்து வினாடி என்று இருக்கிறது. போன வாக்குமூலத்தில், பத்திரமாகப் போ என்று சொன்னதாகச் சொன்னேன். அது முழுவதும் பொய்யல்ல. கடைசியில் அதையும் சொன்னேன்.

அவள் மலைச்சாலை ஏறும் இடத்துக்குச் சற்று முன், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தாள். எஞ்சினையும் அணைத்திருந்தாள். நன்றாகப் பயின்றவள். "அப்பா, செவப்பு லைட் எரிஞ்சுது. ஓரங்கட்டிட்டேன். ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடி ஒரு மெக்கானிக் கடைய பாத்தேன். நடந்து போய்க் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். மெக்கானிக் வருவார். போல்ட்டை இறுக்குவார். புது எண்ணெய் ஊற்றுவார். ஒரு மணி நேர வேலை. மாலைக்குள் அவள் அந்த நகரத்தில் இருப்பாள்.

"நேத்துத்தானே மாத்துனோம், கண்ணு. கோடு நேராத்தானே இருந்துச்சு? அது சென்சார் கோளாறு. பழைய வண்டில அப்படித்தான் வரும்" என்றேன்.

"டிப்ஸ்டிக்கையாவது பாத்துடறேன்ப்பா."

"சூடா இருக்கறப்ப பாத்தா சரியாக் காட்டாது. கையச் சுட்டுக்காத. நீ ஓட்டு. பத்திரமாப் போ."

"சரிப்பா" என்றாள். இருபத்துமூன்று ஆண்டுகளாக நான் சொன்னதற்கெல்லாம் அவள் சொல்லிவந்த சொல் அது.

எண்ணெய் இல்லாத எஞ்சின் ஏற்றத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் பாழாகிவிட்டால் அந்தக் கார் இனி எங்கும் போகாது என்றுதான் எண்ணினேன். இரண்டாம் வளைவில் அது இறுகி நின்றதும், பின்னால் சுமையேற்றிய லாரி வந்து மோதியதும் என் கணக்கில் இல்லாதவை. லாரி ஓட்டுநர்மேல் பிழையில்லை என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கும் அவர்மேல் வருத்தமில்லை.

அவளுக்குக் கழுத்துக்குக் கீழே முதுகெலும்பு முறிந்தது. மார்புக்குக் கீழ் அசைவில்லை; கைகளில் பாதி உயிர். நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கின்றன. மருத்துவமனைக்கு உங்கள் ஆட்கள் போய்க் கேட்டபோது அவள் சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "கோடு போட்டது நான்தான். ஸ்பேனர் வெச்சுப் பாக்காமப் போட்டேன்." தொலைபேசி அழைப்பைப் பற்றிக் கேட்டபோது கண்களை மூடிக்கொண்டாளாம். தன் பிழையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் மாணவர் என் வகுப்புகளில் இருவரோ மூவரோதான் இருந்திருப்பார்கள். ஆனால் பிழை முழுவதும் அவள் பெயரில் இருப்பது நியாயமல்ல. என் பங்கை நானே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் முறை என்று தோன்றியதால்தான் உங்களை வரச் சொன்னேன். போல்ட்டை இறுக்காதவன் நான். நின்ற வண்டியை ஓட்டச் சொன்னவனும் நானே.

நீங்கள் என்னைக் கைது செய்து கூட்டிப்போனால் மகளைத் தான் வைத்துக்கொள்வதாக அவள் சித்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். சித்தியின் வீடு இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லை. எவ்வளவு பொருத்தமற்ற ஏற்பாடு என்று நீங்களாவது எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே எல்லாம் அவளுக்காக ஒழுங்காக இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒருபக்கமாகப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். எட்டுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். மாலையில் கதை சொல்கிறேன். அவள் முன்போல் இடையில் கேள்வி கேட்பதில்லை. பகலில் வரும் செவிலிப் பெண்ணோடு அவள் பேசிச் சிரிக்கும் குரல் சில சமயம் கூடம் வரை கேட்கிறது. ஆகவே மனம் தேறிவருகிறாள் என்பது தெரிகிறது. நான் உள்ளே போகும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். சன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது போலும். நேற்றுத்தான் கனமான திரைச்சீலையாகப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறேன்.